கட்டுவிரியன் கடித்தால் வீங்காது: எச்சரிக்கைப் பலகை வைத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மழைக்கால எச்சரிக்கைப் பலகைகளுக்கு வாசகம் எழுதி, ஒப்புதல் தந்து, தெருமுனைகளில் நிறுத்தும் அதிகாரிகளுக்கு,

எங்கள் தெரு வடசென்னையில் பக்கிங்காம் கால்வாயை ஒட்டி இருக்கிறது. பாலம் ஏறுகிற இடத்தில் நீங்கள் வைத்திருக்கும் பாம்பு எச்சரிக்கைப் பலகையில் "விரியன் வகைகள்" என்று தலைப்புப் போட்டு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் என மூன்று பெயர்களை எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கீழே இப்படி இருக்கிறது: "கடித்த இடம் வீங்கும், ரத்தம் கசியும். வீக்கம் இல்லையென்றால் பயப்படத் தேவையில்லை."

அந்தக் கடைசி வாக்கியத்தை உடனே அழியுங்கள். அதை நம்பி யாராவது ஒருவர் கடி வாங்கிய பிறகும் வீட்டிலேயே படுத்திருப்பார். காலையில் எழுந்திருக்க மாட்டார்.

நேரில் வந்து சொன்னேன். "வாசகம் மேலே இருந்து வந்தது, நாங்க மாத்த முடியாதும்மா" என்றார்கள். எழுதிக் கொடுத்த மனுவுக்கு ரசீது கிடைத்தது, பதில் வரவில்லை. மழை வந்துவிட்டது, பலகை அப்படியே நிற்கிறது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ். என் வேலைக்காலம் பெரும்பாலும் அவசர சிகிச்சைப் பிரிவில், அதிலும் நைட் டூட்டியில் கழிந்தது. விஷக்கடி என்று வருகிறவர்களை முதலில் கைத்தாங்கலாகப் பிடித்துப் படுக்க வைப்பது நாங்கள்தான். எது கடித்தது, எத்தனை மணிக்குக் கடித்தது என்று முதலில் கேட்பதும் நாங்கள்தான். பாம்பின் பெயர் அந்த நேரத்தில் என்ன செய்யும், தப்பான பெயர் என்ன செய்யும் என்று பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

கட்டுவிரியனுக்குப் பெயரில்தான் விரியன். உறவு நல்லபாம்போடு. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் ஒரு குடும்பம். கட்டுவிரியனும் நல்லபாம்பும் வேறொரு குடும்பம். நம் முன்னோர் பார்வைக்கு வைத்த பெயர் அது, அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் மருத்துவ எச்சரிக்கை எழுதுகிறவர்கள் பெயரின் கடைசிப் பாதியை மட்டும் பார்த்து மூன்றையும் ஒரே கூடையில் போடக் கூடாது.

கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இரண்டின் நஞ்சும் ரத்தத்தைத் தாக்கும். கடித்த இடம் எரியும், வீங்கும். ஈறிலும் பழைய புண்ணிலும் ரத்தம் கசியும். கண்ணாடி விரியன் கடியில் சிறுநீரகமும் கெட்டுப்போகும். இவ்வளவும் கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. யாரும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். கட்டுவிரியன் நஞ்சு நரம்பைத் தாக்குகிறது. அது இரவில் நடமாடும். தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கும். பல்லுக்குறி கண்ணில் படாமலே போகலாம். வீக்கம் இருக்காது, வலியும் பெரிதாக இருக்காது. பல பேருக்குத் தூக்கமே கலையாது. சில மணி நேரம் கழித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார்கள். அப்புறம் இமை இறங்கும், எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும், கடைசியில் மூச்சை இழுக்கிற தசையே ஓய்ந்துவிடும். வீக்கம் இல்லாததே இந்தப் பாம்பின் அடையாளம். அதைத்தான் நீங்கள் பயப்பட வேண்டாம் என்பதற்கான அடையாளமாக எழுதி வைத்திருக்கிறீர்கள்.

ஆஸ்பத்திரியில் நாங்கள் செய்கிற ஒரு சோதனையைச் சொன்னால் வித்தியாசம் இன்னும் விளங்கும். ஊசியில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் நிறுத்தி வைப்போம். பிறகு மெதுவாகச் சாய்த்துப் பார்ப்போம். ரத்தம் உறைந்து குழாயில் ஒட்டிக்கொண்டிருந்தால் சரி. தண்ணீராக ஓடினால் விரியன் கடி என்று டாக்டர் விஷமுறிவு மருந்து எழுதுவார். கட்டுவிரியன் கடித்தவரின் ரத்தம் நன்றாகவே உறையும். குழாயில் எல்லாம் சரியாக இருக்கும், பக்கத்துக் கட்டிலில் ஆளுக்கு இமை மூடிக்கொண்டே வரும். அதனால் விவரம் தெரிந்த சிஸ்டர்கள் குழாயை மட்டும் பார்ப்பதில்லை. "மேலே பாருங்க, என் விரலைப் பாருங்க, நாக்கை நீட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

ஒருநாள் விடியற்காலை, துறைமுகம் பக்கம் லோடு ஏற்றும் வேலை பார்க்கிற ஒரு பையனை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வயிற்று வலி. முந்தின நாள் கடையில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றார் அவன் அம்மா. அதற்குள் ஒரு தனியார் கிளினிக்கில் வாயுத்தொல்லைக்கு ஊசி போட்டு அனுப்பியிருந்தார்கள். பையன் என்னைப் பார்க்கத் தலையைப் பின்னால் சாய்த்தான். இமையைத் தூக்க முடியாதவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். எங்கே படுத்தான் என்று கேட்டேன். வீட்டில் இடம் இல்லை, வாசப்படி ஓரம் தரையில். பாம்பு ஏதாவது கடித்ததா என்று கேட்டால், "பாம்பெல்லாம் இல்ல சிஸ்டர், எதுனா பூச்சி கட்ச்சிருக்கும், ஒரு வீக்கங்கூட இல்லியே" என்றார் அந்த அம்மா. முழங்கைக்கு மேலே டார்ச் அடித்துத் தேடியபோதுதான் பென்சில் முனையால் தொட்டது போல இரண்டு புள்ளி தெரிந்தது. டூட்டி டாக்டர் ஒரு நொடியும் தாமதிக்கவில்லை. மருந்து ஏறும்போதே மூச்சு திணறியது, குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தார்கள். பல நாள் அப்படியே கிடந்து பிழைத்தான். நடந்தே வீட்டுக்குப் போனான்.

எல்லோரும் அப்படி நேரத்துக்கு வந்து சேர்வதில்லை. வாசலிலேயே மூச்சு அடங்கி வந்தவர்களின் உறவினர்கள் எங்களிடம் அழுதுகொண்டே சொன்னதும் இதே சொல்தான்: வீங்கவே இல்லையே. தாய்மார்கள் அறியாமல் சொல்கிற அந்தச் சொல்லை அரசாங்கப் பலகையே சொன்னால் நாங்கள் யாரிடம் போய் முறையிடுவது?

பலகையில் படமும் தப்பு. "கண்ணாடி விரியன்" என்ற எழுத்துக்குப் பக்கத்தில் படம் எடுத்து ஆடும் பாம்பை வரைந்து, அதன் படத்தின் பின்புறம் மூக்குக்கண்ணாடி போல ஒரு குறியும் போட்டிருக்கிறார்கள். அந்தக் குறி நல்லபாம்புக்கு உரியது. கண்ணாடி என்ற சொல்லைக் கேட்ட ஓவியர் அதை வரைந்துவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, சரிபார்க்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள். கண்ணாடி விரியனுக்குப் படம் கிடையாது. தடித்த பழுப்பு உடம்பில், முதுகு நெடுக, கருப்பு விளிம்பு கட்டிய நீள்வட்டங்கள் சங்கிலிபோல மூன்று வரிசையாக ஓடும். சீறினால் குக்கர் ஆவி விடுகிற சத்தம் வரும். 18-ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக, கர்நாட்டிக் என்று அன்று ஆங்கிலேயர் அழைத்த நம் கிழக்குக் கடற்கரைப் பகுதியில் வேலை பார்த்து, நம் நாட்டுப் பாம்புகளைப் பற்றி எழுதிய பாட்ரிக் ரஸ்ஸல் என்ற மருத்துவரின் பெயரை ஆங்கிலத்தில் அதற்கு வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரால் பாம்பின் உருவம் ஒன்றும் தெரியாது. உடம்பைப் பார்த்தே அடையாளம் சொல்லும் நல்ல பெயர் நம்மிடம் இருக்கிறது. சரியான படம் மட்டும் பக்கத்தில் இருந்தால் போதும். அது இல்லாததால், கண்ணாடி விரியனைப் பார்த்து மலைப்பாம்புக் குட்டி என்றும் மண்ணுளி என்றும் நினைத்துக் கையில் எடுக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், வீட்டுச் சுவரில் ஏறுகிற, நஞ்சே இல்லாத வெள்ளிக்கோல் வரையனைக் கட்டுவிரியன் என்று அடித்துக் கொல்கிறார்கள்.

பலகையின் அடியில் சிவப்பு எழுத்தில் ஒரு வாசகம் இருக்கிறதே, "துரோகியும் விரியனும் ஒன்று, கண்டால் விடாதே" என்று, அது என்னை மிகவும் வருத்துகிறது. விரியன் என்பது நம் பேச்சில் வசவாக இருப்பது எனக்கும் தெரியும். மத்தேயு சுவிசேஷத்தில் யோவான் ஸ்நானகன் பரிசேயரையும் சதுசேயரையும் பார்த்து "விரியன்பாம்புக் குட்டிகளே" என்று சொல்வதைச் சிறுவயதில் இருந்து சர்ச்சில் கேட்டு வளர்ந்தவள் நான். அந்த வசனத்தின் கோபம் கபடம் செய்கிற மனிதர்கள் மேல்; அது யூதேயா வனாந்தரத்துப் பாம்பு. எங்கள் தெருவில் சண்டை வந்தால் "அவ ஒரு கட்டுவிரியன்" என்பார்கள். மருமகளுக்கும் மாமியாருக்கும் பங்காளிக்கும் இந்தப் பெயர் கிடைக்கும். திருவொற்றியூரிலோ வாசுகி வழிபட்ட சிவனுக்குப் படம்பக்கநாதர் என்று பாம்பின் படத்தையே சேர்த்துப் பெயர் சொல்லிக் கும்பிடுகிறார்கள். வசவு மனிதர்களுக்குள் இருக்கட்டும், பக்தி கோயிலில் இருக்கட்டும். அரசாங்கப் பலகையில் இரண்டுக்கும் இடம் இல்லை. அங்கே விரியன் என்று எழுதினால் அது ஒரு பாம்பை மட்டும் குறிக்க வேண்டும். அது எப்படி இருக்கும், எங்கே இருக்கும், கடித்தால் என்ன ஆகும் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

எங்கள் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள். விரியன் என்றால் யார் என்று உடனே சொல்வார்கள்: சீரியலில் கெடுதல் செய்கிறவள், நம்ப வைத்து ஏமாற்றுகிறவன். பாம்பைக் காட்டிக் கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. திட்டுவதற்கு மட்டும் ஒரு பெயரைக் கற்றுக்கொடுத்துவிட்டு, அடையாளம் காண்பதற்குக் கற்றுக்கொடுக்காமல் விட்டிருக்கிறோம். பாம்புக்குத் துரோகம் தெரியாது. மிதித்தால் கடிக்கும், புரண்டு அதன்மேல் விழுந்தால் கடிக்கும். கண்டால் விடாதே என்று எழுதினால் இளவட்டப் பிள்ளைகள் கட்டையை எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். அடிக்கப் போய்க் கடி வாங்கி வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அடித்துக் கொல்வதில் பாதிக்கு மேல் சாரையும் தண்ணீர்ப்பாம்பும்தான். வெள்ளம் வடிந்த தெருவில் சாரையைக் கொன்றுவிட்டு, எலி பெருகுகிறது, எலிக்காய்ச்சல் வருகிறது என்று முகாம் போடுகிறோம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாம்பைக் கொல்லக் கூடாது என்கிறது. உங்கள் பலகை அந்தச் சட்டத்துக்கும் விரோதமானது.

இன்னொரு பழக்கத்தையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் பக்கம் பொழுது சாய்ந்த பிறகு பாம்பு என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பூச்சி என்பார்கள், பூச்சி பொட்டு என்பார்கள். சொன்னால் வந்துவிடும் என்று பயம். அந்தப் பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது, என் பாட்டியும் அப்படித்தான் சொல்வார். ஆனால் அது ஆஸ்பத்திரிச் சீட்டுவரை வந்துவிடுகிறது. "பூச்சிக்கடி" என்று சொல்லி அழைத்து வருகிறார்கள், நாங்களும் "அன்னோன் பைட்" என்று எழுதி வைக்கிறோம். இதற்கு நேர்மாறாக, கட்டுவிரியனையே சில வீடுகளில் எட்டடி விரியன் என்பார்கள். கடித்து எட்டடி நடப்பதற்குள் உயிர் போய்விடுமாம். அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் என்ன ஆகப் போகிறது என்று மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். எட்டடிக் கணக்கு பொய். நேரத்துக்கு மருந்தும் செயற்கை சுவாசமும் கிடைத்தால் பிழைக்க வைக்கலாம், பிழைக்க வைத்திருக்கிறோம்.

எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதானே, பெயரில் என்ன இருக்கிறது என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்தே விஷமுறிவு மருந்து செய்கிறார்கள். அதற்கு வேண்டிய நஞ்சை எடுத்துக் கொடுப்பதில் முக்கியப் பங்கு வடநெம்மேலியில் 1978 முதல் இருக்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கு உண்டு. அதனால் பாம்பைப் பிடித்துப் பையில் போட்டுக் கொண்டுவர வேண்டிய அவசியமே இல்லை. தூரத்தில் இருந்து செல்போனில் ஒரு படம் எடுத்தால் போதும், அதுவும் முடிந்தால். ஆனால் அந்த மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்வது நடுராத்திரியில் வீட்டில் இருக்கிற அம்மாவும் பாட்டியும். அவர்கள் கையில் அப்போது இருப்பது பாம்பைப் பற்றிக் கேட்டதும் படித்ததும் மட்டும்தான். பலகை அவர்களுக்காகத்தான்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 2030-க்குள் இந்தச் சாவைப் பாதியாகக் குறைப்போம் என்று மத்திய அரசு 2024-இல் செயல்திட்டம் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆணையிட்டது. ஒவ்வொரு கடியையும் ஆஸ்பத்திரிகள் கணக்குக் கொடுத்தாக வேண்டும். நல்ல முடிவு, மனதார வரவேற்றேன். ஆஸ்பத்திரிக்கே வராமல் வாயுத்தொல்லை என்றும் தூக்கத்தில் மாரடைப்பு என்றும் அடக்கம் செய்யப்படுகிறவர்கள் எந்தக் கணக்கில் வருவார்கள்?

பாம்பு எல்லாம் கிராமத்துச் சமாசாரம் என்று நினைக்காதீர்கள். எண்ணூர் கழிமுகத்தையும் மணலி சதுப்பையும் சாம்பலும் மண்ணும் கொட்டி மேடாக்கிக்கொண்டே வந்தால், அங்கே இருந்ததெல்லாம் வீடுகளை நோக்கித்தான் வரும். கன்டெய்னர் யார்டு ஓரம் புதர் மண்டிக் கிடக்கிறது, குப்பை மேட்டில் எலி, எலிக்குப் பின்னால் பாம்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் எங்கள் வீடுகளுக்குள் நின்றபோது, தண்ணீரோடு வந்த பாம்புகள் படிக்கட்டிலும் அலமாரித் தட்டிலும் ஏறி ஒதுங்கின. மனிதர்களும் அங்கேதான் ஒதுங்கினோம். கட்டில் இருக்கிற வீடு எங்கள் பக்கம் குறைவு. தரையில்தான் தூங்குகிறோம்.

எனவே என் கோரிக்கைகள்.

"வீக்கம் இல்லையென்றால் பயப்படத் தேவையில்லை" என்ற வரியை இந்த வாரத்துக்குள் அழியுங்கள். புதுப் பலகை அச்சாகி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆள் அனுப்புங்கள், வெள்ளை பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். இதே வாசகம் வடசென்னையில் வேறு எந்தெந்தத் தெருவில் இருக்கிறதோ அங்கேயும்.

புதுப் பலகையில் கட்டுவிரியனை மற்ற இரண்டு விரியன்களில் இருந்து பிரித்து, நல்லபாம்புக்குப் பக்கத்தில் போடுங்கள். அதன் கீழே பெரிய எழுத்தில் எழுதுங்கள்: வீங்காது, வலிக்காது, இரவில் தரையில் தூங்கியவருக்கு விடிகாலையில் காரணம் தெரியாத வயிற்று வலியும் இமை இறங்குவதும் இருந்தால் உடனே 108. இறுக்கிக் கட்டாதே, கீறாதே, வாயால் உறிஞ்சாதே, கடித்த கையையோ காலையோ அசைக்காதே, மோதிரம் வளையலைக் கழற்று என்பதையும் சேருங்கள். கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிச் செருகிப் படுத்தால் கட்டுவிரியனுக்கும் அது தடுப்பு என்று ஒரு வரி போடுங்கள். கொசுவுக்காகவாவது எங்கள் ஜனம் அதைக் கேட்பார்கள்.

ஓவியமாக வரையாமல் நான்கு பாம்புகளின் உண்மையான புகைப்படங்களைப் போடுங்கள். எட்டடி விரியன், பூச்சி என்று எங்கள் தெருவில் வழங்குகிற பெயர்களையும் சேர்த்து எழுதுங்கள், அப்போதுதான் பாட்டிகளுக்கும் புரியும். அச்சுக்குப் போகும் முன் விஷக்கடி சிகிச்சை பார்க்கிற ஒரு மருத்துவரிடமும் இருளர் பாம்புபிடிப்பவர்களிடமும் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தது இந்த நாடு. அவர்களைப் போன்றவர்களைக் கேட்காமல் பாம்பைப் பற்றிப் பலகை எழுதியிருக்கவே கூடாது.

"துரோகியும் விரியனும் ஒன்று" என்ற வாசகத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பாம்பைக் கண்டால் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்று எழுதுங்கள். அந்த எண்ணை ராத்திரி 2 மணிக்கு யாராவது எடுக்க வேண்டும். எடுக்க ஆள் இல்லாத எண்ணாக இருந்தால் எழுத வேண்டாம்.

ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தனியார் கிளினிக்குகளிலும், விடிகாலை வயிற்று வலியோடு வருகிறவரிடம் எங்கே படுத்தீர்கள் என்று கேட்டு, இமையைப் பார்க்கும்படி ஒரு சுற்றறிக்கை அனுப்பச் சுகாதாரத் துறைக்கு எழுதுங்கள். "அன்னோன் பைட்" என்று பதிவானவர்களுக்குப் பின்னால் என்ன ஆயிற்று என்று அதே துறையிடம் கணக்கும் கேளுங்கள்.

இவற்றில் எதைச் செய்யப் போகிறீர்கள், எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் பதில் வேண்டும். நான் கொடுத்த மனுவின் ரசீது எண் உங்கள் பதிவேட்டில் இருக்கிறது. பதில் வராவிட்டால், கால்வாய் ஓரத் தெருக்களின் பெண்களோடு அடுத்த குறைதீர் கூட்டத்துக்கு நேரில் வருவேன்.

இப்படிக்கு,
கால்வாய் ஓரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ்,
வடசென்னை